தியானத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

மனத்தைப் பண்படுத்தும் முறைகள் காலத்தைக் கடந்தவை என்றும், அரசியலும் பொருளாதாரமும் அவற்றைத் தீண்டுவதில்லை என்றும் கூறுவோர் நம்மிடையே பலர் உளர். தியானம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது ஒரு மரம், அதன் கீழ் ஒரு மனிதன், மூடிய கண்கள், அவ்வளவே. அந்த மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது, அந்த மனிதனுக்கு உணவளித்தவர் யார், அவன் கண்களை மூடியிருந்த வேளையில் அவனுடைய நாட்டை ஆண்டவர் யார் என்ற வினாக்களை நாம் எழுப்புவதில்லை. வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய வினாக்கள் இவையே.

இன்று மேலைநாட்டு வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் பெருங் கம்பனிகளின் காரியாலயங்களிலும் 'மைன்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் ஒரு மனப்பயிற்சி கற்பிக்கப்படுகின்றது. மூச்சைக் கவனித்தல், உடலின் உணர்ச்சிகளைக் கவனித்தல், எழுந்து மறையும் எண்ணங்களைத் தீர்ப்புக் கூறாது கவனித்தல் என்பனவே அதன் சாரம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையதென அது விளம்பரம் செய்யப்படுகின்றது. அதன் வேர் பழமையானது என்பதில் ஐயமில்லை. மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள ஸதிபட்டான சூத்திரமே அவ்வேர். ஆனால் சாதாரண உத்தியோகத்தனும் குடும்பப் பெண்ணும் சில நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு தியானம் பயிலும் வழக்கத்தின் வயது நூற்றைம்பது ஆண்டுக்கும் குறைவு. அது பிறந்த இடம் பர்மா. அதைப் பிறப்பித்த சூழல் ஏகாதிபத்திய ஆட்சி. அது மேற்கே சென்ற பாதையில் நமது இலங்கையும் ஒரு முக்கிய தங்குமடம்.

முதலிற் சொல்லின் கதையைப் பார்ப்போம். பாலி மொழியில் 'ஸதி' என்பது வடமொழி 'ஸ்மிருதி'யின் இணைச்சொல். நினைவு என்பதே அதன் அடிப்பொருள். அதனை 'மைன்ட்ஃபுல்னஸ்' என்று ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தவர் ரீஸ் டேவிட்ஸ். இவர் இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் வகித்தவர்; காலியிலும் அநுராதபுரத்திலும் கடமையாற்றியவர். இங்கேயே ஒரு பிக்குவிடம் பாலி கற்றார். மக்கள்மீது முறையற்ற விதத்தில் அபராதம் விதித்தார் என்ற குற்றச்சாட்டின் பின் சேவையை இழந்து இங்கிலாந்து திரும்பினார். 1881ஆம் ஆண்டில் அவருடைய பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதே ஆண்டில் பாலி நூற் சங்கத்தையும் நிறுவினார். குடியேற்ற நாட்டு நிருவாகியின் மேசையிலிருந்து எழுந்த ஒரு சொல், நூறாண்டின் பின் உலக வணிகத்தின் சொல்லாயிற்று.

சொல்லுக்குப் பின் செயல். 1871ஆம் ஆண்டில் மின்டோன் மன்னர் மண்டலேயில் ஐந்தாவது பௌத்த மகாசபையைக் கூட்டினார். திரிபிடகம் முழுவதும் 729 சலவைக்கற் பலகைகளிற் பொறிக்கப்பட்டிருந்தது. அரசன் சங்கத்தைக் காப்பான், சங்கம் தர்மத்தைக் காக்கும், மக்கள் தானம் வழங்கிப் புண்ணியம் ஈட்டுவர் என்ற பழைய நிலமானிய ஒழுங்கின் கடைசிப் பெருவிழா அது. 1885ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கிலப் படை மண்டலேயைக் கைப்பற்றியது. திபோ மன்னர் இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள இரத்தினகிரிக்கு நாடுகடத்தப்பட்டு 1916இல் அங்கேயே மாண்டார். 1886 ஜனவரி முதலாந் திகதி மேற்பர்மா பிரித்தானிய சாம்ராச்சியத்துடன் இணைக்கப்பட்டது.

அரசன் இல்லாத நாட்டில் தர்மத்தைக் காப்பவர் யார்? இந்த வினாவுக்கு விடையாக எழுந்தவரே லெடி சயாதோ (1846-1923). மண்டலேயிற் கல்வி கற்ற இப்பிக்கு, தலைநகரின் வீழ்ச்சிக்குப் பின் மொன்யுவா நகருக்கு அண்மையில் லெடி என்னும் காட்டில் மடம் அமைத்துக்கொண்டார். அவருடைய 'பரமத்த தீபனீ', இலங்கைப் பிக்கு ஒருவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதி அக்காலம்வரை கேள்வியின்றி ஏற்கப்பட்டுவந்த அபிதம்ம உரையிற் பிழைகள் பலவற்றைச் சுட்டிக்காட்டிப் பெரும் புயலைக் கிளப்பியது. ஆனால் அவருடைய உண்மையான புரட்சி பண்டிதர்களின் வாதத்தில் இல்லை. அச்சியந்திரம், புகைவண்டி, நீராவிப் படகு ஆகிய அந்நிய ஆட்சி கொணர்ந்த சாதனங்களையே பயன்படுத்தி அவர் ஊர் ஊராகச் சென்றார். அபிதம்மத்தைப் பர்மிய மொழியிற் செய்யுளாகச் சுருக்கி, விவசாயிகளும் பெண்களும் மனனம் செய்யும்படி வழங்கினார். எங்கும் படிப்பு வட்டங்கள் தோன்றின. ஆழ்ந்த சமாதி நிலைகளை முதலில் எய்திய பின்னரே விபஸ்ஸனா எனப்படும் உள்நோக்குப் பயிற்சி கைகூடும் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, உலக வாழ்விலுள்ளோரும் தம் அன்றாட வேலைகளினிடையே அதனைப் பயிலலாம் எனப் போதித்தார்.

இதன் சமூகப் பொருளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. காட்டுப் பிக்குகளிற் சிலரிடம் மட்டும் இருந்த ஒரு கலை, காலிற் சேறு படிந்த மனிதனின் கைக்கு வந்தது. உடைமை மாறியது. அது ஒரு ஜனநாயகச் செயல். அதே வேளையில் இன்னொரு உண்மையையும் மறைத்தலாகாது. லெடி சயாதோ ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தவர் அல்லர். 1911இல் அவ்வாட்சியே அவருக்கு 'அக்கமகாபண்டித' என்ற பட்டத்தை வழங்கியது. நாட்டை இழந்த மக்கள் தமக்கென எஞ்சிய ஒரு நிலப்பரப்பை, அதாவது தம் மனத்தை, காத்துக்கொள்ள முயன்றனர். அந்த முயற்சியில் எதிர்ப்பும் இருந்தது, ஒதுங்குதலும் இருந்தது. ஒரே இயக்கத்தினுள் இவ்விரண்டும் இணைந்திருந்தமையே அதன் முரண்பாடு.

லெடியின் சீடர்களுள் ஒருவரின் வாழ்க்கை இதனைத் தெளிவாக்கும். ரங்கூனுக்குத் தெற்கே, ஆற்றின் மறுகரையிலுள்ள ஒரு சிற்றூரில் 1873இற் பிறந்த விவசாயி ஊ போ தெட். 1903ஆம் ஆண்டில் அவ்வூரிற் கொள்ளைநோயாக வந்த வாந்திபேதி அவருடைய மகனையும் மகளையும் சில நாட்களுக்குள் வாரிக்கொண்டது. ஆறுதல் காணாத அம்மனிதர் குடும்பத்தாரின் அனுமதியுடன் வீட்டைவிட்டு வெளியேறி, ஆண்டுக்கணக்கிற் பயின்று, பின்னர் வயலுக்குத் திரும்பி வந்து சாயா தெட்ஜி என்ற பெயரிற் பிறருக்குக் கற்பித்தார். காவி உடுத்தாத ஓர் உழவர் தியான ஆசிரியராவதை லெடி அங்கீகரித்தார். பிள்ளைகளை இழந்த தகப்பனின் துயரத்தைப் பார்த்து, 'இது வெறும் மயக்கம்' என்று கூற எந்த முற்போக்காளனுக்கும் நா எழாது. ஆனால் அப்பிள்ளைகளைக் கொன்றது அசுத்தமான குடிநீர் என்பதும், நல்ல நீரும் வைத்திய வசதியும் கிராமத்துக்கு வராதது ஊழ்வினையால் அன்று என்பதும் அதேயளவுக்கு உண்மை. முதல் உண்மையை மட்டும் சொல்பவன் மதவாதி. இரண்டாவதை மட்டும் சொல்பவன் வரட்டுவாதி.

அக்காலப் பர்மாவின் வயல்களைப் பற்றிப் பேசும்போது தமிழராகிய நாம் ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்து அடமானங்கள் மூழ்கியதால், 1938இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலத்தை இழந்த உழவர்கள் எல்லோரும் தியானத்தில் அமர்ந்துவிடவில்லை. 1929இல் ஊ விஸார என்ற பிக்கு சிறையில் 166 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்தார். 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் வாளும் ஈட்டியும் ஏந்தி எழுந்தனர், ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஒரே சமயத்தின் சொற்களைப் பேசிய மக்களிடையே ஒருவர் உள்நோக்கித் திரும்பினார். இன்னொருவர் எதிரியை நோக்கித் திரும்பினார். சமயம் தானாக எத்திசையையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

1948 ஜனவரி 4ஆந் திகதி பர்மா சுதந்திரமடைந்தது. சில மாதங்களுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. ரங்கூன் நகரமே முற்றுகைக்கு அஞ்சியிருந்த 1949இற்றான் மகாசி சயாதோ (1904-1982) பிரதமர் ஊ நு முதலியோரின் அழைப்பில் அங்கு வந்து தியான நிலையத்தைத் தொடங்கினார். அடிவயிற்றின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கவனிக்கும் அவருடைய முறை அரசின் ஆதரவுடன் நாடெங்கும் பரவியது. 1954 முதல் 1956 வரை ஆறாவது மகாசபை நடைபெற்றது. வீழ்ந்த மன்னனின் இடத்தில் இப்போது குடியரசு அமர்ந்து சங்கத்தைக் காத்தது. இன்னொரு புறத்தில், சாயா தெட்ஜியிடம் 1937இற் பயிற்சி பெற்ற ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதற் கணக்காளர் நாயகமானார். தம் காரியாலயத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்த அவர், 1952இல் ரங்கூனில் சர்வதேச தியான நிலையத்தை நிறுவினார்.

இக்காலப் பர்மிய இடதுசாரிகள் இதனை வெறுமனே எதிர்த்து நிற்கவில்லை என்பதும் கவனத்துக்குரியது. மார்க்சியக் கருத்துகளைப் பாலிச் சொற்களால் விளக்க முயன்றவர்கள் அவர்களுள் இருந்தனர். சோசலிசத் தலைவர் ஊ பா சுவே 1951இல், உலகியற் பிரச்சினைகளுக்கு மார்க்சியமும் ஆன்மிகப் பிரச்சினைகளுக்குப் பௌத்தமும் வழிகாட்டும் என்ற கருத்துப்பட உரையாற்றினார். கேட்பதற்கு இனிமையான பங்கீடுதான். ஆனால் உள்ளத்தை ஒருவனுக்கும் உலகத்தை இன்னொருவனுக்குமாகப் பிரித்துக் கொடுத்தபின், இரண்டுக்குமிடையிலுள்ள உறவை ஆராய்பவர் எவர்? அந்த ஆய்வு நடைபெறவில்லை. 1962இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. தியான நிலையங்கள் நிலைத்தன, பாராளுமன்றம் நிலைக்கவில்லை.

இனி இலங்கையின் பங்கு. 1901இல் ஜெர்மனியின் ஹானாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர் சீக்மண்ட் ஃபெனிகர். ஹிட்லரின் ஆட்சி தொடங்கிய பின் நாட்டைவிட்டு நீங்கி, 1936இல் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டில் ஞானபோனிகர் என்ற பெயரிற் பிக்குவானார். யுத்தம் வந்ததும் ஆங்கில அரசு அவரை 'ஜெர்மானியன்' என்று கூறித் தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவின் தேராதூனிலும் தடுப்பு முகாமில் அடைத்தது. ஜெர்மனிக்கு அவர் யூதர். ஆங்கிலேயனுக்கு அவர் ஜெர்மானியர். 1946இல் விடுதலையாகி, 1952இல் பர்மா சென்று மகாசி முறையைப் பயின்று, கண்டி உடவத்தைக் காட்டிலுள்ள மடத்தில் தங்கினார். 1954இற் கொழும்பில் வெளிவந்து, 1962இல் விரிந்த வடிவில் இலண்டனில் வெளியான அவருடைய தியான நூல், சமயச் சடங்குகளை ஒதுக்கி, 'வெறுங்கவனம்' என்ற ஒன்றையே மையமாக்கி, மனநலத்தின் மொழியிற் பேசியது. மேற்கின் உளவியலாளர் இப்பயிற்சியை அறிந்துகொண்ட வாயில்களுள் இந்நூல் தலையாயது.

1958 ஜனவரி முதலாந் திகதி அவரும் இரு இலங்கை நண்பர்களும் கண்டியிற் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை ஆரம்பித்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டில் நடந்தவற்றை நமது வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தமிழர் வீடுகள் எரிந்த அந்நாட்களையும் இச்சங்கத்தையும் தொடர்புபடுத்திப் பழி சுமத்துவது நமது நோக்கமன்று. அகதியாக வந்த அத்துறவியின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. நாம் கூற விழைவது இதுவே: மனத்தின் கோபத்தை நுணுக்கமாக ஆராயும் நூல்கள் அச்சாகிய அதே நாட்டில், அதே ஆண்டில், கோபம் வீதியில் அணிவகுத்துச் சென்றது. தனிமனிதனின் உள்ளத்தில் தோன்றும் துவேஷத்தைக் கவனிக்கும் பயிற்சி, அரசியல் உற்பத்தி செய்யும் துவேஷத்தைத் தானாகத் தடுத்துவிடுவதில்லை.

ஞானபோனிகரின் பிறப்பிடத்துக்கு அண்மையிலுள்ள பிராங்பேர்ட்டில் 1900இல் இன்னொரு யூதப் பிள்ளை பிறந்தது. அவரே எரிக் ஃபுரோம். அவரும் ஹிட்லரின் நாட்டை விட்டு நீங்கியவர். சோசலிசவாதியும் உளப்பகுப்பாய்வாளருமான இவர் 1955இல் எழுதிய நூலில், ஒரு சமூகமே மனநோய்க்கு ஆட்படக்கூடும் என வாதித்தார். 1957இல் மெக்சிக்கோவில் ஜப்பானிய அறிஞர் சுசுக்கியுடன் ஸென் பௌத்தம் பற்றிக் கருத்தரங்கு நடத்தினார். 1961இல் மார்க்சின் இளமைக்கால எழுத்துகளை அமெரிக்க வாசகருக்கு அறிமுகம் செய்தார். பிற்காலத்தில் ஞானபோனிகரின் எழுத்துகளை உயர்வாக மதித்துத் தாமும் தியானம் பயின்றார். அவருக்கு உள்ளத்தின் விடுதலையும் உழைப்பின் விடுதலையும் இரு வேறு காரியங்களல்ல. ஒன்றின்றி மற்றொன்று முடமே. ஊ பா சுவே பங்கிட்டுப் பிரித்ததை ஃபுரோம் இணைத்துப் பார்த்தார். நாம் மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டிய பாதை இது.

ஆனால் உலகம் வேறு பாதையிற் சென்றது. 1979இல் மூலக்கூற்று உயிரியலாளரான ஜோன் கபாட்-ஸின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். வைத்தியர்களால் முற்றாகக் குணப்படுத்த முடியாத நீடித்த நோவுடையோரே அவருடைய முதல் மாணவர். அதன் நன்மையை மறுப்பது அறிவியலை மறுப்பதாகும். மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வைத் தடுக்க இம்முறையின் ஒரு வடிவத்தை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2004இற் பரிந்துரைத்தது. 2014இல் 47 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு, தியானப் பயிற்சிகள் பதற்றம், மனச்சோர்வு, நோவு ஆகியவற்றை ஓரளவு குறைக்கின்றன எனக் கண்டது. ஓரளவு என்பதே அறிஞர் கூறியது. சர்வரோக நிவாரணி என்று கூறியவர் வியாபாரிகள்.

வியாபாரிகள் விரைந்து வந்தனர். 2007இல் கூகிள் நிறுவனம் தன் பொறியியலாளருக்கு இப்பயிற்சியைத் தொடங்கியது. 2008 அளவில் ஈராக்குக்குச் செல்லவிருந்த அமெரிக்க மரைன் படை வீரருக்கு அது கற்பிக்கப்பட்டது. கொல்லாமை என்ற முதற் சீலத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கவனத்தை மட்டும் துப்பாக்கியுடன் சேர்த்து எடுத்துச்செல்ல முடியும் என்பது அப்போது தெளிவாயிற்று. இந்தியாவில், 1955இல் ஊ பா கின்னிடம் பயின்ற வணிகர் கோயங்கா 1969 முதல் பரப்பிய முறை, 1994இல் தில்லித் திகார் சிறையில் ஏறத்தாழ ஆயிரம் கைதிகளுக்குக் கற்பிக்கப்பட்டது. அம்மனிதர்களிற் பலர் ஆறுதல் பெற்றனர், மகிழ்ச்சியே. எனினும் அச்சிறையிலிருந்தோரிற் பெரும்பாலோர் விசாரணை முடியாமற் காத்திருந்தவர்கள். அவர்களுக்குப் பொறுமையைக் கற்பிப்பது எளிது. நீதிமன்றத்தை விரைவுபடுத்துவது கடினம். 2022இல் இங்கிலாந்தின் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலை மாணவரிடையே நடந்த பெரும் பரிசோதனை, வழமையான வாழ்க்கைத்திறன் பாடத்தைவிட இப்பயிற்சி மாணவர் மனநலத்துக்கு மேலதிக நன்மை தரவில்லை என முடிவுகண்டது.

அதே 2022இல் நம் நாட்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மலையகப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் என் நண்பர் ஒருவர் அந்நாட்களில் ஆசிரியருக்கான 'மன அழுத்த முகாமைத்துவப்' பயிலரங்கு ஒன்றுக்கு அழைக்கப்பட்டார். கண்களை மூடி மூச்சைக் கவனிக்குமாறு கூறப்பட்டது. சிறிது நேரம் மெய்யாகவே மனம் அமைதியுற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். பயிலரங்கு முடிந்ததும் பஸ் இல்லாமையால் ஆறு மைல் நடந்து வீடு சேர்ந்தார். பின்னர் அவர் என்னிடம் கூறியது: "மூச்சு என்னுடையது, அதைக் கவனித்தேன். பஸ் ஏன் ஓடவில்லை என்று கேட்க அங்கே இடமிருக்கவில்லை."

இந்த நீண்ட வரலாற்றின் சாரம் அந்த ஆசிரியரின் இரு வாக்கியங்களில் அடங்கியிருக்கின்றது. துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை அறிந்து நீக்கலாம் என்பது பௌத்தத்தின் அடிநாதம். அக்காரணம் எப்போதும் துன்பப்படுபவனின் உள்ளத்தில் மட்டுமே இருக்கிறது என்று குறுக்கியமை பிற்கால வணிகத்தின் கைவேலை. மதத்தைப் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதியதிற் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. மயக்கந் தரும் பொருள் என்பதை நினைவிற் கொள்கிறோம்; அது மெய்யான துயரத்தின் வெளிப்பாடும், அத்துயரத்துக்கு எதிரான குரலும் ஆகும் என்பதையும் அவர் அதே இடத்தில் எழுதினார் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே தியானத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அதன்முன் மண்டியிடவும் வேண்டியதில்லை. லெடி சயாதோ அதனைச் சிலரின் கையிலிருந்து பலரின் கைக்கு மாற்றினார். அந்தப் பலரின் கையிலிருந்து அது மீண்டும் சிலரின் கருவியாக மாறிவிட்டது என்பதே இன்றைய பிரச்சினை. யார் கற்பிக்கிறார், யாருக்குக் கற்பிக்கிறார், எந்த வினாவைக் கேட்காதிருக்கும்படி கற்பிக்கிறார் என்று ஆராய்வது நம் கடமை. கூர்மையாகக் கவனிக்கும் ஆற்றல் ஒரு நற்பேறு. அதனை மூச்சின்மீது மட்டும் நிறுத்திவிடாது, நமது சம்பளப் பட்டியலின்மீதும், அயலவனின் எரிந்த வீட்டின்மீதும், ஓடாத பஸ்ஸின்மீதும் செலுத்தக் கற்பிக்கும் ஆசிரியனே நமக்கு வேண்டும்.